குழிவில் செதுக்கிய பூக்கள்: இங்கிலாந்தின் பழைய அச்சுகளைத் தேடி

புதன், லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த லண்டன் வீடுகளுக்குள் நுழைந்தால், கதவு நிலைகளிலும் கணப்பு முகப்புகளிலும் கண்ணாடிச் சட்டங்களிலும் மேற்கூரையின் ஓரங்களிலும் மெல்லிய பூவேலை ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். அதில் கணிசமான பகுதி அந்தந்த இடத்தில் உளிகொண்டு செதுக்கப்பட்டதன்று. எங்கோ ஒரு பட்டறையில் அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டு, பின்னர் கொண்டுவந்து ஒட்டப்பட்டது. பூவேலையைப் பார்ப்பதற்கு வழிகாட்டி நூல்கள் நிறைய உண்டு. அதைப் பிறப்பித்த அச்சுகளைப் பார்ப்பதற்கு நாமேதான் வழி தேடிக்கொள்ள வேண்டும். அதற்காகவே இந்தப் பயணத்தை அமைத்துக்கொண்டேன். அன்றன்று கண்டதை அன்றிரவே இங்கு எழுதிவிட எண்ணியிருக்கிறேன்.

ஹோல்பர்ன் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் சர் ஜான் சோன் அருங்காட்சியகம் இருக்கிறது. சோன் கட்டடக் கலைஞர்; 1806 முதல் ராயல் அகாடமியில் கட்டடக் கலைப் பேராசிரியராக இருந்தவர்; 1837-இல் மறைந்தார். அவர் தம் வீட்டையே அருங்காட்சியகமாக்கி, 1833-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நாட்டுக்கு விட்டுச் சென்றார். நுழைவுக் கட்டணம் இல்லை. அதே 1833-இல்தான், முந்தைய தலைமுறைக் கட்டடக் கலைஞரான ராபர்ட் ஆடமின் அலுவலக வரைபடங்கள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 200 பவுண்டுக்கு அவர் வாங்கினார். இங்கிலாந்தின் அச்சுப் பூவேலையைப் பற்றி எழுதத் தொடங்கும் எவரும் ஆடமிடம்தான் தொடங்கியாக வேண்டும் என்பதால், நானும் இங்கிருந்தே தொடங்கினேன்.

ஆடம் 1728-இல் ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டியில் பிறந்தவர். 1754-இல் புறப்பட்டுச் சென்று இத்தாலியில் தங்கி, ரோமானியக் கட்டடங்களின் அலங்காரத்தை ஊன்றிக் கற்று 1758-இல் லண்டன் திரும்பினார். அவருடைய அறைகளில் விசிறிபோல் இதழ் விரிக்கும் பூக்கள், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் உமிக்கொத்து மாலைகள், கலசங்கள், வட்டப் பதக்கங்கள், ஆட்டுக்கடாத் தலைகள், சிங்க உடலும் கழுகுத் தலையும் கொண்ட கிரிஃபின்கள் ஆகியவை மீண்டும் மீண்டும் வருகின்றன. இந்த ‘மீண்டும் மீண்டும்’ என்பதில்தான் அச்சின் தேவை அடங்கியிருக்கிறது. ஒரே மாலை ஓர் அறையைச் சுற்றி நூறு முறை வர வேண்டுமானால், நூறு முறையும் செதுக்குவதற்குக் காலமும் இல்லை, கூலியும் கட்டுப்படியாகாது.

சோன் வீட்டின் நடுவே, மேலிருந்து ஒளி இறங்கும் குவிமாடத்தடியில், சுவர் தெரியாத அளவுக்குப் பளிங்குத் துண்டுகளும் பாரிஸ் சாந்து வார்ப்புகளும் மாட்டப்பட்டுள்ளன. அவற்றுள் சில, 1818-இல் ஆடம் குடும்பத்தாரின் உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது சோன் வாங்கியவை. மாணவர்கள் ரோமுக்குப் போகாமலே ரோமானிய இலையை அளந்து பார்க்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். விரிவுரைக்கு முந்தைய நாளும் மறுநாளும் அவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். வார்ப்புகளைக் கூர்ந்து நோக்கினால் சிலவற்றில் மயிரிழைபோல் எழுந்த கோடுகள் தெரிகின்றன. பல துண்டுகளாகப் பிரியும் அச்சின் மூட்டுவாய்களில் சாந்து கசிந்து இறுகிய கோடுகள் அவை. இலையின் நுனி உள்நோக்கி மடிந்திருந்தால் ஒற்றை அச்சிலிருந்து அதை உருவ முடியாது. மடிப்புக்குள் இருக்கும் அச்சுப் பகுதியைத் தனித்துண்டாகச் செய்து, வார்த்த பின் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அழகுக்காகப் பல வார்ப்புக்காரர்கள் இக்கோடுகளைத் தேய்த்து அகற்றிவிடுவார்கள். தேய்க்காமல் விட்டவற்றையே நான் அதிக நேரம் பார்த்தேன். அச்சு எத்தனை துண்டுகளாக இருந்தது, முதலில் எந்தத் துண்டு விலகியது என்பதெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

வியாழன், தென் லண்டனில் ஒரு பட்டறை

முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்றிருந்த பட்டறை இது. தங்கள் பெயரையும் முகவரியையும் பொதுவில் இட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை. உள்ளே நுழைந்ததும் தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள். அவற்றில் கருத்துப்போன மரக்கட்டைகள் வரிசை வரிசையாக, விளிம்பில் எண் எழுதி அடுக்கப்பட்டிருந்தன. ஒரு கட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். உள்ளங்கையளவுள்ள அந்தக் கட்டையின் எடை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். பாக்ஸ்வுட் என்னும் மரம் அது. மிக மெதுவாக வளர்வதால் அதன் இழைகள் நெருங்கி, எந்தத் திசையில் உளியைச் செலுத்தினாலும் பிசிறடிக்காமல் வெட்டுப்படும். அடிமரத்தின் விட்டம் ஒரு சாணைத் தாண்டுவது அரிது. எனவே பழைய அச்சுகளில் பெரும்பாலானவை சிறியவை. பெரிய வடிவம் தேவைப்பட்டால் துண்டுகளை இணைத்தோ, பேரி போன்ற பழமரங்களிலோ செதுக்கியிருக்கிறார்கள்.

அச்சில் அழுத்தப்படும் பொருளுக்கு இங்குள்ளவர்கள் ‘காம்போ’ என்றே பெயர் சொல்கிறார்கள். சீமைச் சுண்ணாம்புப் பொடி, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரம், ஆளிவிதை எண்ணெய், பைன் மரப் பிசின் ஆகிய நான்குமே அதன் சேர்மானம். தஞ்சாவூர் ஓவியங்களில் சுண்ணப் பொடியையும் கோந்தையும் குழைத்து, நகைகளும் தூண்களும் புடைத்தெழும்படி மக்கு வைத்து, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சேர்மானம் அந்நியமாகத் தோன்றாது. தஞ்சையில் கையால் வைப்பதை இங்கே அச்சில் அழுத்துகிறார்கள் என்பதே வேறுபாடு.

செய்முறையை முழுவதும் என் கண்முன்னே செய்து காட்டினார், அறுபது வயதைக் கடந்த தலைமைக் கைவினைஞர். ஊறவைத்த வஜ்ஜிரத்தை ஒரு பாத்திரத்தில் உருக்கினார். மற்றொன்றில் பிசினை எண்ணெயுடன் சேர்த்துக் காய்ச்சினார். இரண்டையும் சூடாகவே கலந்து, குவித்து நடுவில் குழி செய்திருந்த சுண்ணாம்புப் பொடியில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் பிசையத் தொடங்கினார். பழுப்பு நிறத்தில் பளபளப்பான உருண்டை திரண்டது. அச்சின் குழிவில் எண்ணெய் தொட்ட தூரிகையால் ஒருமுறை தடவி, வெடிப்பில்லாத வழவழப்பான முகம் கீழே இருக்கும்படி உருண்டையை வைத்தார். அதன்மேல் ஈரப்பலகை ஒன்றைக் கவிழ்த்து, திருகு அழுத்தியில் செலுத்தி இறுக்கினார். எடுத்தபோது காம்போ ஈரப்பலகையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அச்சு சுத்தமாகப் பிரிந்தது. பலகையில் அடித்தட்டோடு சேர்ந்து கிடந்த பூமாலையை நீண்ட மெல்லிய கத்தியால் அடியோடு சீவி எடுத்தார். மிஞ்சிய அடித்தட்டை மீண்டும் பாத்திரத்தில் போட்டார். ஆவியில் இளக்கினால் அது மறுபடி உருண்டையாகிவிடும் என்பதால் எதுவும் வீணாவதில்லை.

சூடு ஆறியதும் அந்த மாலை ரப்பர்போல் வளைந்தது. ஓர் உருளைக் காலின்மேல் சுற்றிக் காட்டினார், இதழொன்றும் முறியவில்லை. சில நாள்களில் அது கல்போல் இறுகிவிடும். இறுகியதைப் பின்னொரு நாள் ஒட்ட வேண்டுமானால், கொதிநீரின்மேல் இழுத்துக் கட்டிய துணியில் சிறிது நேரம் கிடத்தினால் போதும். அடிப்பக்கத்து வஜ்ஜிரம் ஆவியில் உயிர்பெற்றுத் தானே பசையாகிவிடும். தனியாகப் பசை தடவ வேண்டியதில்லை. இளகிய நிலையில் மரப்பரப்பின் வளைவுக்கேற்பப் படிந்துகொள்ளும். வளைந்த நாற்காலி முதுகிலும் முட்டை வடிவக் கண்ணாடிச் சட்டத்திலும் இவ்வளவு எளிதாகப் பூவேலை ஏறியதற்கு இதுவே காரணம்.

இனி நான் சொல்லவிருப்பதற்காகவே இந்தப் பயணம் முழுவதையும் மேற்கொண்டேன் எனலாம். காம்போ வேலையை ‘மரச்செதுக்கலுக்கு மலிவான மாற்று’ என்று ஒதுக்கிவிடுகிற வழக்கம் அறிஞர்களிடையேயும் உண்டு. அப்படி ஒதுக்குகிறவர்கள் ஒட்டப்பட்ட பூவை மட்டும் பார்க்கிறார்கள், அச்சைப் பார்ப்பதில்லை. அச்சும் செதுக்கல்தான், அதுவும் சாதாரணச் செதுக்கலைவிடக் கடினமானது. பூவில் உயர்ந்திருக்க வேண்டியதெல்லாம் அச்சில் ஆழமாக இருக்க வேண்டும். வலப்புறம் திரும்ப வேண்டிய இலை இடப்புறம் திரும்ப வேண்டும். மரத்தில் நேராகச் செதுக்குகிறவருக்கு இலையின் நரம்பு ஒரே உளிக்கீற்று. அச்சு செதுக்குகிறவரோ, அந்த நரம்பு விழ வேண்டிய இடத்தில் நூலிழையளவு மேட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள மரம் முழுவதையும் தாழ்த்த வேண்டும். உளி ஒருமுறை தவறினால் அந்த மேடு போய்விடும், திருப்பி ஒட்ட வழியில்லை. இடையிடையே மெழுகையோ களிமண்ணையோ குழிவில் அழுத்தி எடுத்துப் பார்ப்பதைத் தவிர, வேலை எப்படி வருகிறது என்பதை அறிய அவருக்கு வேறு கண்ணில்லை.

அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. ஓடும் பூவேலையில் அச்சின் வலது முனையில் முடியும் கொடி, அடுத்த அழுத்தலின் இடது முனையில் தொடங்கும் கொடியோடு இழைவிலகாமல் சேர வேண்டும். கைவினைஞர் இரண்டு துண்டுகளை அருகருகே வைத்து, மூட்டு எங்கே என்று என்னைக் கேட்டார். ஒரு மொட்டின் கழுத்துக்கடியில் அது மறைந்திருந்தது. அவர் விரல் வைத்த பிறகே எனக்குத் தெரிந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெயர் எழுதாமல் போன ஒரு செதுக்குநர், எவரும் காணக்கூடாத இடத்தைத் தேர்ந்து, அங்கே மூட்டை வைத்திருக்கிறார்.

கடினமான மரத்தில் அச்சு இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. உள்மடிந்த வடிவங்கள் அச்சிலிருந்து விடுபடா. காம்போ சூட்டில் சற்று நெகிழும் என்பதால் சிறிதளவு மடிப்பைத் தாங்கும்; அதற்குமேல் கிழிந்துவிடும். ஆகவே அச்சுக்குப் பொருந்திய பூவேலை தாழ்ந்த புடைப்பாகவும், கூர்மையான விளிம்புகளோடும், மெல்லிய எழுந்த கோடுகளோடும் அமைவது இயல்பு. ஆடமின் பாணியும் அவ்வாறே அமைந்திருக்கிறது. பாணி அச்சைத் தேர்ந்ததா, அச்சு பாணியை வளர்த்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றிருக்கின்றன என்பதே என் எண்ணம்.

அலமாரியின் கீழ்த்தட்டில் மஞ்சள் நிறக் கட்டிகள் சில, மரச்சட்டத்துக்குள் பதித்தபடி இருந்தன. அவை கந்தக அச்சுகள். கந்தகம் சுமார் 115 பாகை செல்சியஸில் உருகி நீராக ஓடும். இறுகும்போது மிக நுண்ணிய கோட்டையும் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை செதுக்கிய மூலத்திலிருந்து விரைவாகப் பல அச்சுகள் எடுக்க அது உதவியது. ஆனால் கீழே விழுந்தால் நொறுங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெலட்டின் அச்சும், நம் காலத்தில் சிலிக்கோன் அச்சும் வந்து, உள்மடிந்த வடிவங்களையும் எளிதாக்கிவிட்டன.

இந்தத் தொழில் கடல் கடந்தும் சென்றது. லண்டனிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்த ராபர்ட் வெல்ஃபோர்டு, அங்குள்ள கணப்பு முகப்புகளுக்குக் காம்போ அலங்காரங்கள் செய்து விற்றார்; 1813-இல் நடந்த ஈரி ஏரிப் போரின் நினைவாக அவர் அச்சில் அழுத்தி எடுத்த புடைப்புப் பலகைகள் அமெரிக்கச் சேகரிப்புகளில் இன்றும் இருக்கின்றன. சிகாகோவில் 1883-இல் தொடங்கப்பட்ட டெக்கரேட்டர்ஸ் சப்ளை என்னும் நிறுவனமும் இந்தத் தொழிலில் வளர்ந்ததே.

புறப்படும் முன் கைவினைஞரிடம் ஒன்று கேட்டேன்: இவ்வளவு பழைய அச்சுகளை இன்னும் அழுத்தியில் இடலாமா? ஒவ்வோர் அழுத்தலிலும் விளிம்பு ஒரு துளியேனும் தேயாதா? அச்சைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது காய்ந்து வெடிக்கும், வேலை செய்தால் எண்ணெய் குடித்துக்கொண்டு உயிரோடிருக்கும் என்றார் அவர். மேலும், புதிதாகத் தொழில் கற்க வருகிறவர்கள் பழைய அச்சில் அழுத்தினால்தான் நல்ல அழுத்தல் எப்படி இருக்க வேண்டும் என்பதை விரல்கள் கற்கும் என்றும் சொன்னார். அந்தப் பதிலில் பாதி என்னை நிறைவடையச் செய்தது; மீதிப் பாதியோடு விடுதிக்குத் திரும்பினேன்.

வெள்ளி, கென்வுட்

கோல்டர்ஸ் கிரீனிலிருந்து 210-ஆம் எண் பேருந்தில் ஏறினால், ஹாம்ப்ஸ்டெட் புல்வெளியின் வட ஓரத்திலுள்ள கென்வுட் மாளிகைக்கு அருகிலேயே இறங்கிவிடலாம். முதலாம் மான்ஸ்ஃபீல்டு பிரபுவான வில்லியம் மரேக்காக 1764 முதல் 1779 வரை ஆடம் இதை மாற்றிக் கட்டினார். இன்று இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. இங்கும் நுழைவு இலவசம்.

மாளிகையின் தென்முகப்பைப் பார்த்தவுடன் அதன் அலங்காரத்தில் ஏதோ ஒரு மழமழப்பு தென்பட்டது. காரணத்தை அறிந்தால் வரலாறே விரிகிறது. ஜான் லியார்டே என்னும் பாதிரியார் எண்ணெய் கலந்த வெளிப்பூச்சுச் சாந்து ஒன்றுக்கு 1773-இல் காப்புரிமை பெற்றார். ஆடம் சகோதரர்கள் அந்த உரிமையில் பங்கு வாங்கினார்கள். 1776-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டத்தால் அதன் காலத்தை நீட்டித்தது. ஜான் ஜான்சன் என்னும் கட்டடக் கலைஞர் அதையொத்த சாந்தைச் செய்யத் தொடங்கியதும் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. 1778-இல் அதை விசாரித்த தலைமை நீதிபதி வேறு யாருமல்லர், இந்த மாளிகையின் உரிமையாளரான மான்ஸ்ஃபீல்டு பிரபுவே. தீர்ப்பு லியார்டேயின் பக்கம் வந்தது. கண்டுபிடிப்பாளர் தம் செய்முறையை மற்றவர்கள் பின்பற்றிச் செய்யக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதித் தர வேண்டும் என்னும் கொள்கை காப்புரிமைச் சட்டத்தில் வேரூன்றியதற்கு, இந்த வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். தம் வீட்டைக் கட்டுபவர்கள் பங்குகொண்ட வழக்கை ஒருவர் விசாரித்தது இன்றைய நெறிப்படி ஏற்கத்தக்கதன்று. ஆயினும் பட்டறை இரகசியமாகக் கிடந்த ஒரு சாந்துக் கலவை, அறிவை எழுத்தில் வைக்க வேண்டிய கடமையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது என்பது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

நீதிமன்றத்தில் வென்ற சாந்து, வெயிலிலும் பனியிலும் தோற்றது. கென்வுட் முகப்பில் ஆடம் செய்த பூவேலை நெடுங்காலம் நிலைக்கவில்லை. இப்போது அங்கே காண்பது 1970-களில் கண்ணாடியிழையில் செய்து பொருத்தப்பட்ட நகல். என் கண்ணுக்குத் தெரிந்த மழமழப்பு அதனுடையது. வடிவம் சரியாகவே இருக்கிறது. விளிம்பு மட்டும் இல்லை.

உள்ளே நூலக அறைக்குச் சென்றதும் அந்தக் குறை அகன்றது. உருளை வளைவாக எழும் கூரை, இரு முனைகளிலும் தூண்கள் நிறுத்திய அரைவட்ட மாடங்கள், கூரையெங்கும் அந்தோனியோ சுக்கியின் ஓவியங்கள். அவற்றைச் சுற்றி ஜோசஃப் ரோஸ் செய்த சாந்துப் பூவேலை படர்ந்திருக்கிறது. முந்தைய தலைமுறைச் சாந்துக் கலைஞர்கள் ஈரச்சாந்தைக் கூரையிலேயே கையால் வளைத்து உருவாக்குவார்கள். ஒரு சுருள்போல் இன்னொரு சுருள் இராது. ரோஸின் காலத்தில் திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளைக் கீழே அச்சில் வார்த்து, மேலே ஏற்றிப் பதிக்கும் முறை மேலோங்கியது. நீண்ட விளிம்புகளை மட்டும் தகட்டு வார்ப்புருவை இழுத்து அங்கேயே செய்தார்கள்.

2013-இல் முடிந்த பாதுகாப்புப் பணியின்போது வண்ண அடுக்குகளை ஆராய்ந்து, பிற்காலத்தில் ஏற்றப்பட்டிருந்த பொன்முலாமை விலக்கி, ஆடம் விரும்பிய வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெண்மை ஆகியவற்றை மீட்டிருக்கிறார்கள். பொன் போனதால் அறை ஏழ்மையாகிவிட்டது என்று வருந்துகிறவர்களும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொன்னின் மினுக்கம் நிழலை விழுங்கிவிடும். வெண்மையான பூவில்தான் ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் நிழல் தன் இடத்தில் விழுகிறது. அச்சு எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதை அந்த நிழல்தான் காட்டுகிறது. சாளரங்கள் தெற்கு நோக்கியவை. பிற்பகலில் ஒளி சாயும்வரை அங்கேயே இருந்து, ஒரே மாலையின் பல பிரதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எல்லாம் ஓர் அச்சிலிருந்து வந்தவையென்றாலும், எங்கே பூச்சு தடித்தது, எங்கே பிற்காலத்துக் கை பழுதுபார்த்தது என்பவை மெல்ல மெல்லப் பிரிந்து தெரியத் தொடங்கின.

சனி, சவுத் கென்சிங்டன்

கூட்டம் மிகுந்த நாள். விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இரண்டு பொருள்களுக்காக மட்டும் நேரத்தை வைத்துக்கொண்டேன்.

முதலாவது, நடிகர் டேவிட் காரிக்கின் வரவேற்பறைக் கூரை. தேம்ஸ் கரையில் ஆடம் சகோதரர்கள் 1768-இல் தொடங்கிய அடெல்ஃபி குடியிருப்பு வரிசையின் நடுப்பகுதி 1936-இல் இடிக்கப்பட்டது. அப்போது தப்பிப் பிழைத்தவற்றுள் இதுவும் ஒன்று. கூரையை இவ்வளவு அருகிலிருந்து பார்க்க வீடுகளில் வாய்ப்பே கிடைக்காது. இரண்டாவது, சேரிங் கிராஸ் அருகேயிருந்த நார்தம்பர்லாண்டு மாளிகையின் கண்ணாடி அறை. 1773 முதல் 1775 வரை ஆடம் வடிவமைத்தது. மாளிகை 1874-இல் இடிக்கப்பட்டது. பின்புறம் வண்ணம் தீட்டிய கண்ணாடிப் பலகைகளின்மேல் பொன்னிற அலங்காரங்கள் ஒளிரும் அதன் ஒரு பகுதிதான் காட்சியில் இருக்கிறது.

வார்ப்புக் கூடங்களுக்கும் ஒருமுறை போய்வந்தேன். 1873-இல் திறக்கப்பட்ட அக்கூடங்களில் ரோமிலுள்ள டிராஜன் தூணின் வார்ப்பு இரண்டு துண்டுகளாக நிற்கிறது. பெரிய வேலைதான், ஆனால் என் தேடல் கையகல அச்சுகளைப் பற்றியது.

மாலையில் டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக் காட்சியகத்தில், ஓவியங்களை விட்டுவிட்டு அவற்றின் சட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த பொன்முலாம் சட்டங்களில் காம்போவின் ஆட்சியே மிகுதி. அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. காம்போ காயும்போது சுருங்கும். அடியிலுள்ள மரம் சுருங்காது. எனவே பூவேலையின் ஓட்டத்துக்குக் குறுக்கே ஓரளவு ஒழுங்கான இடைவெளியில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். செதுக்கிய மரம் வெடித்தால் இழையின் போக்கிலே நெடுக ஓடும். அந்தக் குறுக்கு வெடிப்புகளைக் காணப் பழகிக்கொண்டால், எந்த அருங்காட்சியகத்திலும் அச்சின் பிள்ளைகளை அடையாளம் காணலாம். மூலைகளில் உதிர்ந்துபோன இலைகளின் இடத்தில் பழுப்பு நிற உட்பொருள் தெரிந்தால் ஐயமே வேண்டியதில்லை.

ஞாயிறு, பார்லஸ்டன்

யூஸ்டனிலிருந்து ஸ்டோக் ஆன் டிரென்டுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து பேருந்து. பார்லஸ்டனில் வெட்ஜ்வுட் மட்பாண்ட நிறுவனத்தின் சேகரிப்பு இருக்கிறது. விற்பனைக்குப் போய்ச் சிதறிவிடும் நிலையிலிருந்த இச்சேகரிப்பை 2014-இல் பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்து மீட்டது. மட்பாண்டத் தொழிற்சாலைக்கும் அறை அலங்காரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஜோசையா வெட்ஜ்வுட் 1770-களின் நடுவில் ஜாஸ்பர் என்னும் மெருகிடாத நுண்மண் பாண்டத்தை உருவாக்கியதும், நீலப் பின்னணியில் வெண்புடைப்புருவங்கள் கொண்ட பலகைகளைக் கணப்பு முகப்புகளிலும் அலமாரிகளிலும் மேசைகளிலும் பதிப்பதற்கென்றே செய்தார். 1775 முதல் அவருக்கு உருவங்கள் வடித்துத் தந்த ஜான் ஃப்ளாக்ஸ்மனின் நடனமாடும் பெண்கள் வரிசை, கணப்பு முகப்பின் பட்டைக்கு உரியது.

அந்த வெண்ணுருவங்கள் ஒவ்வொன்றும் சிறிய தட்டையான அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டவை. மென்களிமண்ணைக் குழிவில் கட்டைவிரலால் அழுத்தி, மிகுதியை வழித்துவிட்டு, ஒரு தகட்டால் மெல்ல நெம்பி எடுத்து, நீர் தொட்டுப் பலகையின்மேல் வைக்கிறார்கள். பசை நீர் மட்டுமே. அழுத்தம் கூடினால் முகம் சிதையும், குறைந்தால் சூளையில் கழன்றுவிடும். இந்தச் செயலில் விரலுக்கு இருக்கும் பொறுப்பு, தென் லண்டன் பட்டறையில் திருகு அழுத்திக்கு இருந்ததைவிடப் பன்மடங்கு அதிகம்.

இங்கே எனக்குப் பெரிதாகத் தோன்றியது களிமண்ணின் சுருக்கம். சூளையில் களிமண் சுருங்கும் என்பது குயவர் எவருக்கும் தெரியும். அச்சுக்காரருக்கு அது ஒரு கருவி. ஓர் உருவத்தைச் சுட்டு, சுருங்கிய அதிலிருந்து புதிய அச்சு எடுத்தால், அதே உருவம் ஒருபடி சிறிதாகக் கிடைக்கும். மீண்டும் செய்தால் மேலும் சிறிதாகும். கணப்பு முகப்புக்குரிய பெண், எவரும் புதிதாகச் செதுக்காமலே, சிறு பெட்டியின் மூடிக்குரிய அளவுக்கு இறங்கிவருகிறாள். வெட்ஜ்வுட் இந்தச் சுருக்கத்தையே அளவுகோலாகவும் ஆக்கினார். களிமண் வில்லை சூளையில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைப் பித்தளைப் பள்ளத்தில் நகர்த்தி அளந்து, சூளையின் வெப்பத்தை அறியும் கருவியைச் செய்தார். 1783-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

பழைய அச்சுகளை இன்னும் அழுத்தியில் இடலாமா என்று வியாழக்கிழமை மீதமிருந்த கேள்விக்கும் இங்கே ஒரு வழி கிடைத்தது. மட்பாண்டத் தொழிலில் மூலத்திலிருந்து எடுக்கும் முதல் அச்சை அன்றாட வேலைக்குத் தொடுவதில்லை. அதைத் தாய் அச்சாகப் பாதுகாத்து, அதிலிருந்து புடைத்த வடிவிலான ஒரு மேட்டுருவும், அந்த மேட்டுருவிலிருந்து வேலை அச்சுகளும் எடுப்பார்கள். பாரிஸ் சாந்தாலான வேலை அச்சு ஈரம் உறிஞ்சி உறிஞ்சி மழுங்கியதும் தூக்கி எறியப்படும். தாய் அச்சின் கூர்மை குறையாது. பாக்ஸ்வுட் அச்சுகளுக்கும் இதைச் செய்யலாம். பழைய அச்சு ஒவ்வொன்றிலும் கவனமாக ஒருமுறை காம்போ அழுத்தி, குறையற்ற ஒரு மேட்டுருவை எடுத்து இறுகவிட்டு, அதிலிருந்து சிலிக்கோன் அச்சு வார்த்துக்கொண்டால், வணிக வேலைக்கு அது போதும். மரத்தைப் பயிற்சிக்கும், மிகக் கூர்மையான பழுதுபார்ப்புக்கும், எண்ணெய்ப்பசை வற்றாமல் காப்பதற்கும் மட்டும் எப்போதாவது அழுத்தியில் இடலாம். சிலிக்கோன் சில நூறு அழுத்தல்களில் கிழிந்தாலும் இழப்பில்லை. மரத்தில் ஒரு நரம்பின் மேடு தேய்ந்தால் அதைச் செதுக்கித் தர இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இதையெல்லாம் விரிவாக எழுதி அந்தப் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறேன். மூட்டு மறைந்திருந்த அந்த மொட்டு அச்சிலிருந்தே முதல் மேட்டுருவை எடுக்குமாறும், செலவில் என் பங்கைத் தர ஆயத்தமாக இருப்பதாகவும் அதில் குறிப்பிட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே சேர்க்கிறேன்.